டர்போவுக்கும் தாகம் எடுக்கும்!

காசிமேட்டில் மீன் வாங்கிட்டு அப்படியே திரும்பிடாதீங்க பாஸ். எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் ஒரு ரவுண்டு போங்க. நம்ம தெர்மோடைனமிக்ஸ் சிலபஸ் பாதி அங்கே ரோட்டிலேயே நிற்கும்!

முதல் ஸ்டாப், ராயபுரம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ஸ்டேஷன். பக்கத்திலேயே துறைமுகத்துக்குள் நுழைய உறுமிக்கிட்டு நிற்கும் கன்டெய்னர் லாரிகள். டர்போ பாடம் இங்கேதான் ஆரம்பம். வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு டர்பைன் சுற்றும். அது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். அமுக்கினா காற்று சூடாகுமே? 35 டிகிரி சென்னைக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், கம்ப்ரசரின் திறன் 75 சதவீதம் என்று வைத்தால்கூட, சுமார் 125 டிகிரி! சூடான காற்றுக்கு அடர்த்தி கம்மி. பெட்ரோல் இன்ஜின் என்றால் 'நாக்கிங்' தொல்லை வேறு.

அடுத்து திருவொற்றியூர். என்ஃபீல்டின் பழைய ஆலை இருக்கும் ஊர். கிளாசிக் புல்லட்டுக்கு டர்போ கிடையாது, எதிர்க்காற்றே சூட்டை ஆற்றிவிடும். அதைத் தாண்டினால் எண்ணூர், 1948-ல் 'அசோக் மோட்டார்ஸ்' ஆகப் பிறந்த அசோக் லேலண்டின் ஊர். லாரிகளில் டர்போ காற்றைக் குளிர்விப்பது இன்டர்கூலர்.

கார்களில் இன்னொரு வழியும் உண்டு. அந்தக் காற்றில் பனி மாதிரி தண்ணீரைத் தெளிப்பது! மண்பானை டெக்னிக்தான். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக சுமார் 2,260 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். காற்று குளிரும், நாக்கிங் அடங்கும், டர்போவை இன்னும் விரட்டலாம். 1962-லேயே அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், தண்ணீரும் மெத்தனாலும் கலந்து தெளித்தது. 2015-ல் வந்த பி.எம்.டபிள்யூ எம்4 ஜிடிஎஸ் டிக்கியில் இதற்காகவே 5 லிட்டர் டேங்க்.

சிக்கல் எங்கே? ஜெட்ஃபயரில் திரவம் தீர்ந்தால் டர்போ அழுத்தத்தையே குறைத்துவிடுவார்கள். பலர் நிரப்ப மறந்தார்கள். உப்புத் தண்ணியும் ஆகாது, டிஸ்டில்டு வாட்டர் வேணும். தண்ணி லாரிக்காகக் குடங்கள் காத்திருக்கும் ஏரியாவில் காருக்கு எங்கே போய் நல்ல தண்ணி கேட்பது?

பதில் நம்ம புழுக்கத்திலேயே இருக்கு மக்களே! 2015-ல் பி.எம்.டபிள்யூ ஒரு சோதனைக் காரில், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரையே பிடித்து இன்ஜினுக்குத் தெளித்துக் காட்டியது. கடற்காற்று ஈரம் சொட்டும் எண்ணூரில் அந்தச் சொட்டு எவ்வளவு சேரும்? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடுறவங்க, ஒரு அளவு ஜாடியோடு கிளம்புங்க!