வாத்தியார் வீட்டு பியட்டும் கடைசிச் சொட்டு பெட்ரோலும்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு வழிவழியாக வந்த பாடம் ஒன்று உண்டு. நீண்ட நாள் வெளியூர் போகிறீர்களா, டேங்க்கை ஃபுல் பண்ணி நிறுத்திவிட்டுப் போங்கள் என்பார்கள். இரும்பு டேங்க்கில் காலி இடம் இருந்தால் அங்கே காற்று இருக்கும். காற்றில் ஈரம் இருக்கும். ராத்திரிக் குளிரில் அந்த ஈரம் டேங்க்கின் உள்சுவரில் வியர்க்கும், வியர்த்த இடத்தில் துரு பிடிக்கும். ரொப்பிவிட்டால் காற்றுக்கே இடமில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நாற்பது வருஷமாக இந்தப் பாடத்தை நம்பியவர். காசி, ராமேஸ்வரம், மகளின் பிரசவம் என்று எதற்குக் கிளம்பினாலும் முதல் நாள் ஜெயங்கொண்டம் போய் டேங்க்கை ரொப்பி வந்து ஷெட்டில் நிறுத்துவார். திரும்பி வந்து சாவியைத் திருகினால் வண்டி இரண்டாவது முயற்சியில் கிளம்பும்.

அவருடையது 1978 மாடல் பிரீமியர் பத்மினி. ஊரில் யாரும் அதைப் பத்மினி என்று சொல்வதில்லை, 'வாத்தியார் வீட்டு பியட்' என்பதுதான் பெயர். அதிலும் தப்பில்லை. இத்தாலியின் ஃபியட் 1100 காரைத்தான் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் மும்பை குர்லா தொழிற்சாலையில் செய்து விற்றது. பத்மினி என்ற பெயர் 1970-களில் வந்தது. 1089 சிசி இன்ஜின், ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க ஒரு கார்புரேட்டர். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்ஸிகளாக ஓடிய கடைசி பத்மினியும் 2023 அக்டோபரோடு ஓய்வுபெற்றுவிட்டது.

வாத்தியார் இதை 1986-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். தெருவில் முதல் கார். நடுராத்திரியில் வலி எடுத்த பெண்களை ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, மாப்பிள்ளை அழைப்பு, ப்ளஸ் டூ ரிசல்ட் பார்க்கப் போனது என்று அந்தப் பின்சீட்டுக்கு நிறைய கதைகள் உண்டு. மனைவி இறந்து ஆறு வருஷமாகிறது. முன்சீட்டில் அவர் வைத்திருந்த சின்னத் தலையணை இன்னும் அங்கேயே கிடக்கிறது.

போன ஆவணியில் வண்டி முதல்முறையாக மக்கர் செய்தது. முழங்கால் வலியால் மூன்று மாதம் எடுக்காமல் நிறுத்தியிருந்தார். பழக்கப்படி டேங்க் ஃபுல். சாவியைத் திருகினார், செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. பேட்டரி தீரும் வரை முயன்றுவிட்டு ஜெயங்கொண்டம் மெக்கானிக்குக்கு போன் போட்டார். மெக்கானிக் அவருடைய பழைய மாணவர். அறுபதை நெருங்கிவிட்டார் என்றாலும், வாத்தியாருக்கு இன்னும் 'டேய்'தான்.

கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணத்தைத் திறந்து மெக்கானிக் அவர் கையில் கொடுத்தார். அடியில் சுண்ணாம்பு தூவியது போல வெள்ளைப் பொடி. ஓரத்தில் பழுப்பு நிறத்தில் பிசின். மோந்து பார்த்தால் பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தது போல இருந்தது.

"ஃபுல் டேங்க்தானடா போட்டிருந்தேன்?"

"அந்தப் பாடம் பழைய பெட்ரோலுக்கு சார். இப்ப வர்றது வேற."

வேறுதான். 2023 பிப்ரவரியில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோலை மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. 2025-க்குள் அது நாடு முழுக்க வந்துவிட்டது. கரும்பு, அரிசி, மக்காச்சோளம் இவற்றிலிருந்து வடிக்கிற ஆல்கஹால்தான் எத்தனால். (மக்காச்சோளம் என்றால் பக்கத்துப் பெரம்பலூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. கோழித்தீவனத்துக்குப் போய்க்கொண்டிருந்த பயிர், இன்று கார் டேங்க் வரை வந்துவிட்டது.) கச்சா எண்ணெய் இறக்குமதி குறையும், விவசாயிக்கு இன்னொரு சந்தை கிடைக்கும் என்பது அரசின் கணக்கு. அதில் நியாயம் இருக்கிறது. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு மாற்ற வேண்டியிருக்கலாம், அது பெரிய செலவில்லை என்று பெட்ரோலியத்துறை அமைச்சகம் விளக்கமும் கொடுத்தது.

ஆனால், அது ஓடுகிற வண்டிக்குச் சொன்ன கணக்கு. நிற்கிற வண்டிக்குக் கிலோமீட்டர் ஏது?

எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு பிரியம். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். தினமும் ஓடுகிற வண்டியில் பெட்ரோல் மாறிக்கொண்டே இருப்பதால் இது ஒரு பிரச்னையே இல்லை. மாதக்கணக்கில் நின்றால் ஈரம் சேர்ந்துகொண்டே போகும். ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் கூட்டணி போட்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெட்ரோலை உறிஞ்சும் குழாய் இருப்பதும் அதே அடியில்தான். பழைய டேங்க்குகளின் மூடியில் காற்றோட்டத்துக்கு வழி வைத்திருப்பார்கள் என்பதால், ஈரம் உள்ளே வரத் தடையும் இல்லை. எளிதில் ஆவியாகிற பகுதி அதே வழியாக வெளியே போய்விட, எஞ்சியது கிளப்பக் கஷ்டமான பெட்ரோல். கார்புரேட்டரின் துத்தநாகக் கலவை உலோகம் அரித்து வெள்ளைப் பொடியாகிறது. அந்தக் கால ரப்பர் குழாய்கள் ஊதி, பிறகு காய்ந்து வெடிக்கின்றன. ஃபுல் டேங்க் என்றால், இத்தனை வேலையும் செய்ய முப்பத்துச் சொச்சம் லிட்டர் சரக்கைக் கையில் கொடுத்ததாக அர்த்தம்.

கங்கையிலிருந்து கொண்டுவந்த நீரைச் சோழகங்கம் ஏரியில் சேர்த்து, அதையே வெற்றித்தூண் என்று செப்பேட்டில் பொறித்துக்கொண்ட ராஜேந்திரனின் ஊர் இது. அந்த ஊரில் ஒரு டேங்க்கில் தண்ணீர் சேர்ந்துவிடக் கூடாதே என்று ஒருவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

கவலைக்குக் காரணம் இருந்தது. கோயம்புத்தூர் மகள் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டாள். இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று. ஒன்று முடிந்து மூன்று மாதம் கழித்து இன்னொன்று. பிறகு பிசியோதெரபி. குறைந்தது பத்து மாதம் ஊர்ப்பக்கம் வர முடியாது. முதலில் இடது கால். கிளட்ச் மிதிக்கிற கால்.

"அப்பா, வித்துடலாம்ப்பா. 20 வருஷத்துக்கு மேல ஆன காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கவே இப்ப 10,000 ரூபாய் ஆக்கிட்டாங்க. நீங்க வந்து ஓட்டவா போறீங்க?" என்றான் சென்னையிலிருந்து மகன். காயலான் கடைக்காரர் ஒருவர் ஏற்கெனவே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். விலை சொல்லும்போது அவர் காரைப் பார்க்கவில்லை, தகரத்தின் எடையைப் பார்த்தார். இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்தால் 50 வயசு ஆகிவிடும், வின்டேஜ் பதிவு வாங்கலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். 2021-ல் வந்த விதி அது. அதில் பதிவான வண்டியைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் எடுக்கலாம், அன்றாடப் போக்குவரத்துக்கு எடுக்கக் கூடாது. "நான் கத்திரிக்காய் வாங்கப் போகணும். ஊர்வலம் எதுக்கு?" என்று கேட்டார் வாத்தியார்.

மகனுக்கு அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. மெக்கானிக்கை வரச் சொன்னார்.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பு, வெயில் அடித்த ஒரு காலையில் வேலை நடந்தது. வண்டியைத் தள்ளி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மூடிய ஷெட்டுக்குள் பெட்ரோல் இறக்கவே கூடாது. ஆவி கனமானது, தரையோடு தங்கும், ஒரு பொறி போதும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். பிறகு காருக்கு அடியில் படுத்து டேங்க்கிலிருந்து வரும் குழாயைப் பிரித்து, பெட்ரோலை இரும்பு கேனில் இறக்கினார். உதவிக்கு வந்த பையன், "அண்ணே, ட்யூபை வாயில வெச்சு இழுத்தா சீக்கிரம் வந்துருமே" என்றான். "நுரையீரலுக்குள்ள போச்சுன்னா நீயும் சீக்கிரம் போயிருவ" என்று பதில் வந்தது. பத்து நாள் முன்பு போட்ட பெட்ரோல்தான். பக்கத்து வீட்டு பைக்குக்குப் போனது. கெட்டுப்போனதாக இருந்தால் அதையும் செய்யக் கூடாது. சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்றுவதும் கூடாது, கிணற்று நீர் பாழாகும்.

அரை மணி நேரம் ஆவி போகவிட்டு, குழாயையும் பேட்டரியையும் மாட்டி இன்ஜினைக் கிளப்பினார்கள். குழாயிலும் கார்புரேட்டரிலும் மிச்சமிருந்ததைக் குடித்து, சில நிமிடங்களில் திணறித் திணறி தானாக நின்றது. வாத்தியார் அப்போது வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

தானாக நின்றாலும் கிண்ணத்தின் அடியில் ஒரு ஸ்பூன் அளவுக்குப் பெட்ரோல் தங்கும். பிசின் பிடிக்க அதுவே போதும் என்பதால் கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பெட்ரோலில் 2டி ஆயில் கலந்து அரை லிட்டர் டேங்க்கில் ஊற்றி, நாலு பேர் வண்டியை உலுக்கி, அதையும் இறக்கினார்கள். சுவரில் மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கும், துரு பிடிக்காது. டேங்க்கின் வாயில் நூல் கட்டிய சிலிகா ஜெல் பை ஒன்று தொங்கியது. பழைய ரப்பர் குழாய்களைத் தூக்கிப் போட்டுவிட்டு எத்தனாலைத் தாங்குகிற விட்டான் ரப்பர் குழாய் வாங்கி வந்திருந்தார். ஏர் ஃபில்டர் வாயிலும் சைலன்ஸரிலும் துணி அடைத்தாகிவிட்டது. இந்தப் பக்கம் குளவி ஒரு துளையை விடாது, மண்ணைக் குழைத்துக் கூடு கட்டிவிடும்.

காலியாக வைப்பதிலும் நஷ்டம் உண்டு. பெட்ரோலில் ஊறிக்கொண்டே இருந்த கேஸ்கெட்டும் பம்ப்பின் டயாஃப்ரமும் மாதக்கணக்கில் காய்ந்தால் சுருங்கும். திரும்பக் கிளப்பும்போது கசியலாம். அதற்காக ஒரு செட் வாங்கி டேஷ்போர்டில் வைத்தார் மெக்கானிக். இரண்டு மூன்று மாதம் மட்டும் நிறுத்துகிறவர்கள் இத்தனை பாடுபட வேண்டாம். புது பெட்ரோலில் ஃப்யூயல் ஸ்டெபிலைசர் கலந்து டேங்க்கை ரொப்பி, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேர பத்து நிமிடம் ஓட்டினால் போதும். அது பெட்ரோல் கெடுவதைத் தள்ளிப்போடும், சேர்ந்த தண்ணீரை எடுக்காது. இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களுக்கு இந்தக் காலி செய்யும் வைத்தியம் ஆகவே ஆகாது. அவற்றில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி, அதாலேயே குளிர்ந்துகொண்டு வேலை செய்கிறது.

பக்கத்து வீட்டு மாமா, "வாரம் ஒருதரம் நானே ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிடறேனே" என்றார் பிரியத்தோடு. அதுதான் இருப்பதிலேயே கெடுதல். ஐந்து நிமிடத்தில் இன்ஜின் முழுசாகச் சூடாகாது. புகையோடு வரும் நீராவி வெளியே போகாமல் சைலன்ஸரிலும் ஆயிலிலும் தங்கிவிடும். வண்டியை ஓட்டினால் ஒழுங்காக ஓட்ட வேண்டும், இல்லையென்றால் தூங்கவிட வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை இருந்தது. வாத்தியார் அட்டை ஒன்றை எடுத்து கரும்பலகைக் கையெழுத்தில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டினார். டேங்க் காலி. சிலிகா பையை எடுத்த பிறகே பெட்ரோல் ஊற்றவும். ஏர் ஃபில்டர், சைலன்ஸர் துணிகளை எடுக்கவும். கேஸ்கெட் டேஷ்போர்டில். முதல் முறை கிளப்பும்போது கசிவு பார்க்கவும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

"இதெல்லாம் உங்களுக்கே தெரியுமே சார், யாருக்கு எழுதறீங்க?" என்று பையன் கேட்டான். மெக்கானிக் அவனை முறைத்துவிட்டு, ஸ்பானர்களைத் துடைக்கச் சொன்னார்.

ஷெட் சாவி பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் இருக்கிறது. மாதம் ஒருமுறை கதவைத் திறந்து மோந்து பார்க்க வேண்டும், சிலிகா ஜெல் மணிகள் நிறம் மாறியிருந்தால் பையை மாற்ற வேண்டும். கோயம்புத்தூரில் இடது கால் ஆபரேஷன் முடிந்து, வாக்கரைப் பிடித்து ஹாலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவளுடைய முதல் போன் வந்தது.

"தாத்தா, பெட்ரோல் வாசனை சுத்தமா இல்ல. பை மாத்திட்டேன். ஆனா, சீட்டுக்கு அடியில எலிப் புழுக்கை கிடக்கு."

"சைலன்ஸர் துணி இருக்கா பாரு முதல்ல" என்றார் வாத்தியார்.