தலைக்கவசத்தின் உள்ளே ஒரு முகம்

படக்கதை என்றதும் முகம் சுளிக்கும் கூட்டத்தில் நாமும் ஒருவராகவே இருந்தோம். சங்கமும் காப்பியமும் பயின்ற செருக்கு. மகன் வாசித்துக்கொண்டிருந்த தடித்த தொகுப்பொன்றைத் தேர்வுக் காலம் என்று சொல்லிப் பறித்து வைத்ததும் நாம்தான். அன்றிரவு உறக்கம் வராமல் அதைப் புரட்டத் தொடங்கி விடியும்வரை கீழே வைக்காதிருந்ததும் நாம்தான்.

நியூயார்க்கில் இயங்கிய இ.சி. காமிக்ஸ் நிறுவனத்தின் அறிவியல் புனைகதைகள் அவை. ‘வியர்டு சயன்ஸ்’, ‘வியர்டு ஃபேன்டஸி’ என்னும் அவ்விரு இதழ்களும் 1950இல் தொடங்கின. விலை 10 சென்ட். நிரந்தர நாயகன் எவனும் கிடையாது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத சில கதைகள், பெரும்பாலானவற்றின் கடைசிக் கட்டத்தில் ஒரு திருப்பம்.

பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் வேதியியல் ஆசிரியராக விரும்பியவர். 1947இல் தந்தை படகு விபத்தில் இறந்துவிட, நிறுவனம் அவர் தலையில் வந்து விழுந்தது. இரவெல்லாம் கண்விழித்து அறிவியல் கதைகளை வாசித்துக் கருக்களைத் திரட்டி வருவார்; ஆசிரியர் ஆல் ஃபெல்ட்ஸ்டைன் அவற்றிலொன்றைப் பிடித்துக்கொண்டு கதையாக்குவார். ‘திரட்டுதல்’ என்பது நாம் மரியாதைக்காகச் சொல்வது. 1952இல் ரே பிராட்பரியின் இரு கதைகளைப் பிசைந்து ஒன்றாக்கி வெளியிட்டுவிட்டார்கள். பிராட்பரி வழக்குக்குப் போகவில்லை. உரிமைத்தொகையை அனுப்ப மறந்துவிட்டீர்கள் போலும் என்ற தொனியில் ஒரு கடிதம் எழுதினார். கெய்ன்ஸ் பணத்தை அனுப்பினார். அதன்பின் பிராட்பரியின் கதைகள் முறையான அனுமதியோடு அவ்விதழ்களில் வரலாயின. இலக்கியச் சண்டைகள் எல்லாம் இப்படி முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

ஃபெல்ட்ஸ்டைனின் எழுத்து அளவு மீறியது. சொற்களைப் பொறித்த பின்னரே தாள் ஓவியர் கைக்குப் போகும். மிஞ்சிய இடத்தில்தான் அவர் அண்டத்தை வரைய வேண்டும். அந்த இடுக்கிலும் வாலி வுட் விண்கலத்தின் குழாய்களையும் முட்களையும் விசைகளையும் எப்படி நிறைத்தார் என்பது வியப்பு. இத்தனைக்கும் இவ்விதழ்கள் லாபம் தந்தவையல்ல. நிறுவனத்தின் திகில் இதழ்கள் ஈட்டியதுதான் இவற்றுக்குச் சோறு போட்டது.

ஜோ ஆர்லாண்டோ வரைந்த ‘தீர்ப்பு நாள்’ 1953இல் வந்தது. ரோபோக்கள் வாழும் கோள் ஒன்றுக்குப் பூமியிலிருந்து டார்ல்டன் என்பவர் ஆய்வுக்கு வருகிறார். அண்டக் குடியரசில் சேர அக்கோள் தகுதியுடையதா என்று அவர் பார்க்க வேண்டும். அங்கே செம்மஞ்சள் ரோபோக்கள், நீல ரோபோக்கள் என இரு வகை. உள்ளுறுப்புகள் ஒன்றே, மேலுறை மட்டுமே வேறு. ஆயினும் நீலத்துக்குத் தனி நகர்ப்பகுதி, வண்டியில் பின்னிருக்கை. இன்னும் காலம் வரவில்லை என்று சொல்லிவிட்டு டார்ல்டன் புறப்படுகிறார். கலத்தில் ஏறிய பிறகுதான் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். கறுப்பினத்தவர். முகத்தில் வியர்வைத் துளிகள் விண்மீன்களைப்போல் மின்னுகின்றன.

1954இல் படக்கதைகளுக்கு எதிராகப் பெரும் கூச்சல் எழுந்தது. செனட் துணைக்குழு விசாரித்தது; கெய்ன்ஸும் சாட்சியம் அளித்தார். பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டார்கள். அடுத்து ‘இன்கிரெடிபிள் சயன்ஸ் ஃபிக்‌ஷன்’ இதழுக்கு எழுதிய ஒரு கதையைத் தணிக்கை மறுத்துவிட, அவ்விடத்தில் ‘தீர்ப்பு நாளை’ மறுபதிப்பாக வைத்தார்கள். தணிக்கைத் தலைவர் சார்ல்ஸ் மர்ஃபி, அந்த மனிதர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார். கதையே அதுதான் என்றார் ஃபெல்ட்ஸ்டைன். செய்தியாளர்களைக் கூட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்றார் கெய்ன்ஸ். மர்ஃபி இறங்கி வந்து, அந்த வியர்வையையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டதாக ஃபெல்ட்ஸ்டைன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கெய்ன்ஸ் வசைச்சொல் ஒன்றை உதிர்த்துத் தொலைபேசியை வைத்துவிட்டாராம். 1956இல் கதை ஒரு துளியும் குறையாமல் அச்சேறியது. நிறுவனம் வெளியிட்ட கடைசிப் படக்கதை இதழ் அதுவே.

வியர்வைத் துளிகளைப் பற்றிய இவ்விடத்தில் நாம் நூலை மூடிவிட்டோம்.

பல ஆண்டுகளுக்கு முன் கல்லூரி ஆண்டுமலரின் பொறுப்பு நம்மிடம் இருந்தது. இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் சிறுகதை கொடுத்தார். தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்திருக்கும் ஊர். அதிலிருந்து படிக்க வரும் பையன். நல்ல கதை. நாம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “கதை அருமையா இருக்குப்பா. அந்தக் குவளைப் பத்தியை மட்டும் எடுத்துடலாமே, யார் மனசும் புண்படாது.” மிகக் கனிவாகவே கேட்டோம். “அதை எடுத்துட்டா இதுல வேற என்னங்கய்யா இருக்கு?” என்றார் அவர். தாள்களை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அப்பக்கத்தில் மழையைப் பற்றிய கவிதை ஒன்றைப் போட்டு நிரப்பினோம்.

காலையில் மகனிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பிறகு அலமாரியைக் குடைந்து அவ்வாண்டின் வருகைப்பதிவேட்டைத் தேடி எடுத்தோம். அவர் பெயர் அதில் இருக்கிறது. முகவரி இல்லை.