அத்தையின் காதில் அரைக் கட்டை

(பத்தாம் வகுப்பு மாணவி)

முகத்தில் காற்றுப் பட்டால் வலிக்குமா? எங்கள் ஜெகதாப்பட்டினத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் காற்றுக்குப் பஞ்சம் வராது. என் அத்தைக்கோ அந்தக் கடற்காற்றே பகையாயிற்று. முகம் கழுவினால், பல் துலக்கினால், ஒரு வாய் கஞ்சி குடித்தால்கூட வலது கன்னத்தில் மின்சாரம் பாய்ந்தது போல வலி வெட்டும். சில நொடிகள்தாம். ஆனால் அத்தை முந்தானையால் முகத்தை மூடிச் சுவரைப் பிடித்து நின்றுவிடுவார்கள். பல்வலி என்று எண்ணிக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியும் பார்த்தாயிற்று. பல் போயிற்று, வலி போகவில்லை.

இது பல்லின் வேலை அன்று, நரம்பின் வேலை என்று பிறகுதான் புதுக்கோட்டை டாக்டர் ஒருவர் கூறினார். மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் ஐந்தாவது, கண், மேல்தாடை, கீழ்த்தாடை என மூன்று கிளைகளாக முகத்தில் பிரிகிறது. அது தாறுமாறாகத் துடிப்பதால் வரும் வலியாம். அவர் கொடுத்தது கார்பமாசிபைன் மாத்திரை. 1953-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கெய்கி கம்பெனியைச் சேர்ந்த வால்டர் ஷிண்ட்லர் கண்டுபிடித்த மருந்து. வலிப்பு நோய்க்கும் இதைத் தருவார்கள். சில நாட்களில் அத்தை இரு கைகளாலும் தண்ணீரை அள்ளி முகம் கழுவினார்கள்! வீட்டில் அன்று எல்லோருக்கும் கேசரி.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அத்தை இருபது ஆண்டுகளாகக் கோவிலில் ஆர்மோனியம் வாசிப்பவர்கள். கிறிஸ்துமஸ் பாட்டுப் பழக்கும்போது, “பெட்டிக்கு என்ன வந்தது? ஐந்து கட்டையில் வைத்தால் நாலரையில் பேசுகிறதே” என்றார்கள். பாடிய எங்களுக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. சித்தப்பா பெட்டியைப் பிரித்துத் தூசி தட்டி, இரண்டு ரீடுகளைக் கழற்றி மாட்டினார். (நல்ல வேளை, அதற்கு மேல் அவர் கை வைக்கவில்லை.) மறுநாள் காலை கோவில் மணியும் இறங்கி ஒலிப்பதாக அத்தை சொன்னபோதுதான், குறை பெட்டியில் இல்லை, காதில் என்று புரிந்தது.

அத்தைக்கு மாத்திரையைக் கடலில் எறிந்துவிட ஆத்திரம். “வலி முகத்தோடு போகும், சுதி போனால் எனக்கு என்ன இருக்கிறது?” என்று அழுதார்கள். அப்பா, “அக்கா, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது” என்று அன்றே பஸ் ஏற்றி அழைத்துப் போனார்.

டாக்டர் சிரிக்கவில்லை, அதுவே எங்களுக்குப் பெரிய ஆறுதல். இம்மருந்தால் ஒலி சுமார் அரைச் சுரம் இறங்கிக் கேட்பது அபூர்வமாக நடப்பதுதான் என்றார். ஜப்பானில் இசை பயின்றவர்கள் பலர் இதைச் சொல்லியிருக்கிறார்களாம். சுரம் அறியாத காதுக்கு இது தெரியாமலே போகலாம். காசநோய்க்கு 1940-களில் வந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, உட்செவியின் நுண்மயிர் செல்களை அழித்துச் சிலரை நிரந்தரச் செவிடாக்கியது. இது அப்படியன்று, மருந்தை விட்டால் பழைய சுதி திரும்பிவிடும். ஆனால் திடீரென்று நிறுத்தினால் வலி பாய்ந்து வரும். படிப்படியாகவே குறைக்க வேண்டும் என்று அளவை எழுதிக் கொடுத்தார்.

கிறிஸ்துமசுக்கு அத்தை ஐந்தரைக் கட்டையில் வாசித்துப் பார்த்தார்கள். அவர்கள் காதுக்குச் சரியாக இருந்தது. எங்கள் தொண்டைதான் கிழிந்தது. ஆகவே மீண்டும் ஐந்துக்கே வந்து, காதை நம்பாமல் கட்டைகளைப் பார்த்தே வாசித்து முடித்தார்கள்.

இப்பொழுது மாத்திரை பாதியாகிவிட்டது. மணி ஏறக்குறைய பழைய மணியாகவே கேட்கிறதாம். வாடைக்காற்று வீசும் நாளில் மட்டும் கன்னத்தில் ஒரு மின்னல் வரும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, “பரவாயில்லை, நீ பாடு” என்பார்கள்.