டைஃபூனின் இறக்கைக்கு அடியில்

அக்டோபர் 3

டைஃபூன் போர்விமான மாடல் ஒருவழியாக உருவத்துக்கு வந்துவிட்டது. நார்மண்டி படையிறக்கத்துக்காக இறக்கையில் பூசிய கறுப்பு வெள்ளைப் பட்டைகளும் காய்ந்தாயிற்று. மிச்சம் இருப்பது அடிப்பக்கம்: பக்கத்துக்கு நான்காக எட்டு ராக்கெட்.

பெட்டியில் வந்த ராக்கெட்டுகளை அச்சுச் சட்டமான ஸ்ப்ரூவிலிருந்து வெட்டாமலே மேசைவிளக்கில் காட்டிப் பார்த்தேன். வால் துடுப்பின் தடிமன் காலிப்பரில் அரை மில்லிமீட்டர். 1/48 அளவு என்பதால் 48-ஆல் பெருக்கினால் 24 மி.மீ. ஏறக்குறைய ஓர் அங்குலக் கனத்தில் இரும்புத் துடுப்பு! அசலில் அது வெறும் தகடு. கிட் செய்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் அதைவிட ஒடுக்கமான இடுக்கில் எளிதில் ஓடிச் சேராது. விமானத்தின் மற்ற பாகங்களில் இது தெரிவதில்லை. ராக்கெட்டில் மட்டும் பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடுகிறது.

உதிரி ராக்கெட் என்றொரு தனி வியாபாரம் நடப்பதே இதனால்தான். செக் நாட்டு எட்வார்ட் நிறுவனம் ‘பிராஸின்’ என்ற பெயரில் ரெசின் பாகங்கள் போடுகிறது. சிலிக்கோன் அச்சு வளைந்து கொடுக்கும் என்பதால் ரெசினில் மெல்லிய விளிம்பும் உள்வாங்கிய குழிவும் வரும். இப்போது முப்பரிமாண அச்சு வந்தபிறகு இன்னும் மெலிந்துவிட்டது. ஆர்டர் போட்டாயிற்று. ராக்கெட்டின் விலை மட்டும் கிட்டின் விலையில் பாதிக்கு அருகில். வீட்டில் சொல்லவில்லை.

அக்டோபர் 10

பார்சல் வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஒவ்வொரு ராக்கெட்டையும் முடி கனத்தில் தாங்குகால்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. துடுப்பின் ஓரம் விளக்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது, அத்தனை மெல்லிசு. குழாயைச் சுற்றிய பட்டைகள், இறக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் மாட்டும் கொக்கி, எல்லாம் இருக்கிறது.

தாங்குகாலை நிப்பரால் ராக்கெட்டை ஒட்டி வெட்டினால் துடுப்பும் சேர்ந்து போய்விடும். தள்ளி வெட்டிவிட்டு, மிச்சத்தை உப்புத்தாளில் ஈரமாகத் தேய்க்க வேண்டும். ஈரம் துடுப்புக்காக அல்ல, நுரையீரலுக்காக. ரெசின் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு பொம்மை செய்கிறேன் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அக்டோபர் 12

இந்த ராக்கெட்டுக்கு பிரிட்டிஷ் விமானப்படை வைத்த பெயர் ஆர்.பி.-3. மூன்று அங்குல விட்டமுள்ள இரும்புக் குழாய், நீளம் 55 அங்குலம், உள்ளே கார்டைட் என்ற உந்துமருந்து. பின்னால் நான்கு துடுப்பு, முன்னால் திருகி மாட்டும் தலை. அவ்வளவுதான் இயந்திரம். வழிகாட்டும் கருவி கிடையாது.

தலையில்தான் விஷயம் இருக்கிறது. 25 பவுண்டுத் தலை, 60 பவுண்டுத் தலை என்று முக்கியமாக இரண்டு. 25 பவுண்டுத் தலை வெடிமருந்தே இல்லாத கெட்டி உலோகம். கவசத்தைத் துளைக்கச் செய்தது. ஆனால் அது பேர் வாங்கியது கடலில். 1943 மே 23 அன்று ஆர்ச்சர் என்ற சிறு விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து போன சோர்ட்ஃபிஷ் விமானம் யு-752 நீர்மூழ்கியை ராக்கெட்டால் வீழ்த்தியது. அந்தத் தலை தண்ணீருக்குள் போனதும் பாதை மேல்நோக்கி வளையும். அதனால் நீர்மூழ்கிக்குச் சற்று முன்னால் கடலில் விழும்படி சுடுவார்கள்; தண்ணீருக்கடியில் போய் உடலைத் துளைத்துவிடும். சோர்ட்ஃபிஷ் துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம். ராக்கெட்டின் தீ துணியில் பட்டால் கதை முடிந்தது என்பதால் கீழிறக்கைக்கு உலோகத் தகடு போட்டார்கள். சோர்ட்ஃபிஷ் கிட் செய்பவர்கள் அந்த இறக்கையிலும் துணியின் தொய்வைக் காட்டிவிட்டு ராக்கெட் மாட்டுவது கண்ணில் உறுத்தும் ஒன்று.

60 பவுண்டுத் தலை தரை இலக்குகளுக்கு. ஆறு அங்குல விட்டம், அதாவது குழாயைப்போல இரு மடங்கு. பெயரில் 60 பவுண்டு இருந்தாலும் வெடிமருந்து சுமார் 12 பவுண்டுதான்; மற்றதெல்லாம் இரும்பு. நார்மண்டி டைஃபூனுக்கு இதுவே சரி. என் பாக்கெட்டில் வந்திருப்பதும் இதுதான். மாடலில் தலையின் விட்டம் 3.2 மி.மீ., குழாய் 1.6 மி.மீ., நீளம் 29 மி.மீ.

அக்டோபர் 13

மழை. மேட் வார்னிஷ் அடித்தால் ஈரக்காற்றில் வெள்ளை பூத்துவிடும். ஸ்ப்ரே துப்பாக்கியைத் தொடவில்லை.

அக்டோபர் 15

இன்று தண்டவாளங்களை ஒட்டினேன். மாடல்காரர்கள் இதற்கென்றே அட்டையில் நேர்பிடிக்கும் ஜிக் வெட்டி வைத்துக்கொள்வார்கள், நானும் வெட்டினேன். காரணம் கணக்கில் இருக்கிறது. 29 மி.மீ. நீள ராக்கெட் ஒரே ஒரு பாகை திரும்பினால் அதன் மூக்கு அரை மில்லிமீட்டர் விலகும். நான்கு ராக்கெட் வரிசையாக நிற்கும்போது அந்த அரை மில்லிமீட்டரைக் கண் உடனே பிடித்துவிடும். பேசாமல் ஒன்று மட்டும் தொங்கியிருந்தால்கூடத் தெரியாமல் போகலாம். வரிசை என்று வந்துவிட்டால் தப்பிக்கவே முடியாது.

அதே ஒரு பாகையை நிஜத்துக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் கஜத்திலிருந்து சுட்டால் ஒரு பாகைப் பிசகு இலக்கில் 16 மீட்டர். டாங்கியின் அகலமோ மூன்று மீட்டர் சொச்சம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு விமானியின் நிலைமையை யோசித்தால் பாவமாக இருக்கிறது. ராக்கெட் தண்டவாளத்தை விட்டு நழுவும்போது அதன் துடுப்பு மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பும். விமானம் அந்த நொடியில் கொஞ்சம் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டிருந்தாலும், விமானி குறிவைத்த திசை வேறு, ராக்கெட் போகும் திசை வேறு. புவியீர்ப்பு வேறு அதைக் கீழே இழுக்கும். எவ்வளவு தாழும் என்பதை விமானி பாய்ச்சலின் கோணத்தையும் தூரத்தையும் வைத்துத் தானாக ஊகித்துக்கொள்ள வேண்டும். கீழேயிருந்து விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டே இருக்கும்.

1944 ஆகஸ்டில் நார்மண்டியின் மோர்த்தேனிலும் ஃபலேஸிலும் டைஃபூன் படைகள் நூற்றுக்கணக்கான டாங்கிகளை அழித்ததாகக் கணக்குச் சொன்னார்கள். சண்டை ஓய்ந்தபின் பிரிட்டிஷ் ஆய்வுக் குழு ஒன்று அந்த வயல்களில் இறங்கி, கிடந்த டாங்கிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தது. மோர்த்தேனில் அவர்கள் பார்த்த நாற்பது சொச்சம் கவச வண்டிகளில் விமான ஆயுதத்தால் வீழ்ந்தவை என்று உறுதி செய்ய முடிந்தவை பத்துக்கும் குறைவு. பலவற்றில் அடியே இல்லை. பெட்ரோல் தீர்ந்தோ, ஓட்டியவர்கள் விட்டுவிட்டு ஓடியோ, போகும்போது அவர்களே வெடி வைத்தோ நின்றவை. டாங்கியைத் துளைக்காத ராக்கெட் அதற்குள்ளிருந்தவனை வெளியே ஓட வைத்தது. கவசமில்லாத லாரிகளின் கதி வேறு. அவை உண்மையிலேயே எரிந்தன.

எட்டு ராக்கெட்டும் ஒரு சிறிய போர்க்கப்பல் பக்கவாட்டில் ஒருசேரச் சுடுவதற்குச் சமம் என்று கிட் பெட்டிகளிலும் பத்திரிகைகளிலும் திரும்பத் திரும்ப வரும். இரும்பின் எடையை வைத்துப் பார்த்தால் அதில் பொய்யில்லை. எத்தனை பட்டது என்பதை அந்த வாக்கியம் கேட்பதில்லை. எனக்கு உறுத்துவது வேறு: குறி தவறுவதையே இயல்பாகக் கொண்ட ஓர் ஆயுதத்தை நாங்கள் ஜிக் வைத்து அரை மில்லிமீட்டர் சுத்தமாக நிறுத்துகிறோம். தண்டவாளம் நேராக இருக்க வேண்டியது நியாயம். அது விமானத்தோடு பொருத்தியது. ராக்கெட் அப்படியல்ல. களத்தில் கைகளால் தூக்கி மாட்டியது, மண்ணில் கிடந்தது, பெயின்ட் உரிந்தது. தண்டவாளத்துக்கு ஜிக் உண்டு, ராக்கெட்டுக்குக் கிடையாது என்று முடிவு செய்தேன்.

அக்டோபர் 18

பெயின்ட். தலைக்குக் கரும்பச்சை, நுனிக்குச் சற்றுப் பின்னால் மெல்லிய சிவப்பு வளையம். பிரிட்டிஷ் வழக்கத்தில் சிவப்பு வளையம் என்றால் உள்ளே வெடிமருந்து நிரப்பியிருக்கிறது என்று அடையாளம். வளையத்தைத் தூரிகையால் போடாமல் டெக்காலில் மெல்லிய கீற்று வெட்டிச் சுற்றினேன். பிறகு பஞ்சில் கொஞ்சம் கரைப்பான் தொட்டு ஒரு ராக்கெட்டில் வளையத்தைப் பாதி அழித்தேன். மூன்றில் குழாயின் நடுவே பெயின்டைச் சுரண்டிவிட்டு உலோக நிறம் வைத்தேன். புதிது எது, பழையது எது என்று வரிசையில் தெரிய வேண்டும்.

அக்டோபர் 20

தீபாவளி. தெருவில் பாட்டிலுக்குள் நிற்கும் ராக்கெட்டைப் பார்த்தால் 1916 நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஈவ் ல ப்ரியூர் உருவாக்கியது ஏறக்குறைய இதேதான்: அட்டைக் குழாய், கருமருந்து, வாலுக்கு ஒரு குச்சி, மூக்கில் கத்தி போல ஒரு முனை. நியூபோர் விமானங்களின் இறக்கைக் கம்பங்களில் கட்டி, 1916 மே 22 அன்று வெர்டன் முனையில் ஜெர்மன் கண்காணிப்புப் பலூன்களைக் கொளுத்தினார்கள். நூறு மீட்டர் சொச்சத்துக்குள் போனால்தான் படும். பலூன் பெரிது, அசையாது, அதனால் பட்டது.

அக்டோபர் 25

மேல்வீட்டு சார் வந்தார். விமானப்படையில் ஆயுதப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஹன்டர் விமானங்களோடு இருந்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மாடலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

“வயரை எங்க தம்பி சொருகியிருக்கீங்க?”

ஒவ்வொரு ராக்கெட்டின் வாலிலிருந்தும் ஒரு சிறு மின்கம்பி தொங்கும். அது இறக்கையில் உள்ள பிளக்கில் சேர்ந்தால்தான் விமானியின் பொத்தானுக்கு ராக்கெட் கேட்கும். பழைய சார்ஜர் கம்பியை உரித்து ஒற்றைச் செம்பு இழையில் செய்திருந்தேன். எல்லாவற்றையும் நேர்த்தியாக மேலே கொண்டுபோய் ஒட்டத்தான் நினைத்திருந்தேன்.

“வண்டி தரையில நிக்குது, சக்கரத்துக்குக் கட்டை வேற வெச்சிருக்கீங்க. எந்த ராக்கெட்டா இருந்தாலும் கனெக்‌ஷன் கடைசியிலதான். அதுக்கு முன்னாடி சொருகினா முன்னால நிக்கிறவன் கதி என்ன ஆகுறது?”

அவர் சொன்னது டைஃபூனுக்கும் அப்படியே பொருந்துகிறது. புறப்படும் நேரத்தில்தான் கம்பியைச் செருகுவார்கள். எட்டையும் தொங்கவிட்டேன். காற்றில் ஆடும்போது எப்படி வளையுமோ அப்படி ஒவ்வொன்றும் ஒரு திசையில். வெகுகாலமாகப் படங்களில் பார்த்த, ஆனால் கவனிக்காத ஒன்று இது.

பேச்சு லோங்கேவாலாவுக்குப் போனது. 1971 டிசம்பரில் ஜெய்சல்மேரிலிருந்து போன ஹன்டர்கள் டி-10 ராக்கெட்டாலும் 30 மி.மீ. பீரங்கியாலும் பாகிஸ்தான் டாங்கிகளை அடித்த சண்டை. “அங்க மரமும் இல்ல, வேலியும் இல்ல தம்பி. மணல்ல தடம் போட்டுக்கிட்டே போகுது டாங்கி. எதிரி விமானமும் இல்ல. திரும்பத் திரும்ப வந்து அடிக்கலாம்.” நார்மண்டியின் மறைப்புகளும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் அங்கே இருந்திருந்தால் ஹன்டருக்கும் இதே பாடுதான் பட்டிருக்கும் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. காபி குடித்துவிட்டு ஒப்புக்கொள்ளாமலே போனார்.

நவம்பர் 1

டைஃபூன் முடிந்தது. மொத்தம் 3,300-க்கு மேல் கட்டப்பட்ட விமானத்தில் முழுசாக எஞ்சியிருப்பது எம்.என்.235 என்ற ஒன்றுதான். அதுவும் சண்டைக்குப் போனதில்லை. பரிசோதனைக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டதால் பிழைத்துக்கொண்டது. 1968-ல் அங்குள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் அதை பிரிட்டனுக்குத் திருப்பித் தந்து, பதிலுக்கு ஒரு ஹரிக்கேனை வாங்கிக்கொண்டது. மற்றதெல்லாம் உடைத்துப் பாத்திரமாகிவிட்டிருக்கும். என் மாடலுக்கு எம்.என்.235-இன் எண்ணைப் போடவில்லை. சண்டைக்குப் போகாத விமானத்துக்கு பெயின்ட் உரிந்த ராக்கெட் பொருந்தாது.

மாலையில் சார் மறுபடி வந்து, தொங்கும் கம்பிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, “சரி, ஹன்டர் எப்போ?” என்றார். ஹன்டர் கிட் கிடைக்கிறது. டி-10 ராக்கெட்டை ரெசினில் போட்டிருப்பவர் யாரும் என் கண்ணில் படவில்லை; செதுக்கத்தான் வேண்டும் என்றேன்.

“அதுக்கென்ன, அளவு நான் சொல்றேன்” என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கையை அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, அலமாரியில் இஞ்ச் டேப்பைத் தேடினேன்.