சூலமும் செண்டும் அமுதசுரபியும்: மாயப் பொருள்களின் வேர் தேடி

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில், மந்திர ஆற்றல் கொண்ட பொருளை ஆடுபவர்கள் 'மேஜிக் ஐட்டம்' என்பார்கள். தமிழில் மாயப் பொருள் எனலாம். நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி, ஒருவர் நடத்திச் செல்லும் கதையில் பங்கெடுப்பதே இவ்விளையாட்டு. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையில் விற்பனைக்கு வந்த முதல் ஆட்டம். வாள், மோதிரம், சால்வை, கிண்ணம் என எதுவும் மாயப் பொருளாகலாம். அதற்கு என்ன ஆற்றல், நாளைக்கு எத்தனை முறை, எந்தச் சொல்லைச் சொன்னால் இயங்கும், யார் கையில் இயங்காது என்பதையெல்லாம் நூல் விதியாக எழுதி வைக்கிறது.

வச்சிராயுதம், பிரம்மாஸ்திரம், திரிசூலம், சக்கரம் என்று இந்தியப் புராணப் பொருள்கள் பலவும் மேசை விளையாட்டுகளிலும் கணினி விளையாட்டுகளிலும் இன்று உலவுகின்றன. அவை எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தன, வழியில் எதை இழந்தன, போகாமலே நின்றுவிட்டவை எவை என்பதைத் தேடியதன் பதிவு இது. தேடியவர், அதாவது இக்கட்டுரையாளர், அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் இருந்தபடி தேடினார். தறிகளும், மழையை நம்பிய மானாவாரிக் காடுகளும், பெரும்பாலும் பாதி நிறைந்த கண்மாய்களும் கொண்ட பாண்டி நாட்டு வறண்ட பகுதி இது. வேறோர் ஊரிலிருந்து தேடியிருந்தால் வேறு பொருள்கள் முன்னால் வந்து நின்றிருக்கும்.

விளையாட்டு நூல்களில் மிகப் பழைய இந்தியத் தடங்களில் ஒன்று ராட்சசன். 1975இலேயே 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்துக்குள் வந்துவிட்ட அவன், 1977இல் வெளியான 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் புலித்தலையும் கையில் புகைக்குழாயுமாக டேவிட் டிராம்பியரின் ஓவியத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கொல்லக்கூடிய ஆயுதம், பூசகர் ஆசி பெற்ற குறுக்குவில் அம்பு. இராமாயணத்திலோ பாரதத்திலோ இப்படியொரு விதி கிடையாது. அது வந்தது தொலைக்காட்சியிலிருந்து. 'கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்' என்ற அமெரிக்கத் தொடரில் 1974 டிசம்பரில் ஒளிபரப்பான ஒரு பகுதியில், நம்பிக்கைக்குரியவரின் உருவத்தில் வந்து ஆளைக் கொல்லும் ராட்சசன் வருகிறான், அவனை ஆசி பெற்ற குறுக்குவில் அம்பால் வீழ்த்துகிறார்கள். இலங்கை வேந்தனின் குலம் அமெரிக்க மேசைக்கு வந்து சேர்ந்த வழி இதுதான்.

தெய்வங்கள் வந்த வழி இதைவிட நேரானது. ராபர்ட் குன்ட்ஸும் ஜேம்ஸ் வார்டும் 1976இல் வெளியிட்ட நூலிலும், 1980இல் அதை விரித்து எழுதிய 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' நூலிலும் இந்தியத் தெய்வங்களுக்கு ஒரு பகுதி உண்டு. இந்திரன், அக்கினி, வருணன், காளி ஆகியோருக்கு உயிர்ப்புள்ளி இத்தனை, கவச எண் இத்தனை என்று அளவு தரப்பட்டது. அந்த எண்களைக் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆட்டத்துக்கு எண் வேண்டும். வருத்தம் தருவது வேறொன்று. ஆயுதத்தின் வடிவமும் அது செய்யும் சேதமும் நூலுக்குள் வந்தன. யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது, எப்போது திருப்பித் தர வேண்டும் என்ற கதை வெளியிலேயே நின்றுவிட்டது.

மூலத்துக்குத் திரும்பினால், அந்தக் கதைதான் பொருளின் உயிர் என்பது தெரியும். வான்மீகியின் பாலகாண்டத்தில் விசுவாமித்திரர் இராமனுக்கு அத்திரங்களைக் கொடுக்கிறார். ஏவும் மந்திரங்களைப் பெற்றதோடு இராமன் நிற்பதில்லை. ஏவியதைத் திருப்பி அழைக்கும் முறையையும் கேட்டு வாங்குகிறான். இந்த இரண்டாம் பாடத்தின் அருமை பாரதத்தில் புரிகிறது. போர் முடிந்த பின் அசுவத்தாமனும் அருச்சுனனும் ஒருவர்மீது ஒருவர் ஒரே அத்திரத்தை ஏவுகிறார்கள். நாரதரும் வியாசரும் நடுவில் வந்து நிற்க, அருச்சுனன் தன்னுடையதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறான். அசுவத்தாமனுக்கு ஏவ மட்டுமே முடிந்தது. அவனுடைய அத்திரம் பாண்டவ குலத்துக் கருவைத் தேடிப் போகிறது. பிறக்கும்போதே அவன் தலையில் இருந்த மணி, அதாவது ஆயுதம், நோய், பசி எதுவும் அண்டாமல் காத்த பொருள், அவனிடமிருந்து போய்விடுகிறது.

மற்றவையும் இப்படியே. கர்ணன் கவச குண்டலத்தைக் கொடுத்துப் பெற்ற சக்தி ஆயுதம் ஒரே ஒரு முறைக்கு உரியது. அருச்சுனனுக்கென்று பொத்திவைத்திருந்ததைக் கடோற்கசன் மேல் எறிய வேண்டியதாயிற்று. நாராயணாத்திரத்தை எதிர்த்தால் அது வளரும். ஆயுதத்தைக் கீழே போட்டு நின்றவனைத் தொடாது. காண்டீவம் அக்கினி கேட்டதற்காக வருணன் தந்தது. பாண்டவர்கள் கடைசிப் பயணம் புறப்பட்டபோது அக்கினியே வழிமறித்து அதைக் கேட்டு வாங்குகிறான். சூரியன் தருமனுக்குத் தந்த அட்சய பாத்திரம், திரௌபதி சாப்பிட்டு முடிக்கும்வரைதான் சுரக்கும், பிறகு மறுநாள்தான். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் பல மாயப் பொருள்கள் செலவழித்த ஆற்றலை ஒவ்வொரு நாளும் விடியலில் மீட்டுக்கொள்கின்றன. ஞாயிறு கொடுத்த பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதி அமையாது. சில பொருள்கள் ஒருவரோடு இசைந்த பின்பே முழுதாக இயங்கும், ஒருவர் அப்படி மூன்று பொருள்களோடு மட்டுமே இசையலாம் என்பதும் அந்தப் பதிப்பின் விதி. ஆக, நம் காப்பியப் பொருள்களின் நிபந்தனைகளை எழுதுவதற்கான இடம் விளையாட்டு நூலில் தயாராகவே இருக்கிறது.

பாண்டி நாட்டுப் பொருள்களுக்கு வரும்போது இந்தப் பேச்சு வேறு திசையில் போகிறது, ஏனென்றால் இவை பெரும்பாலும் போருக்கு ஆனவை அல்ல. பாளையம்பட்டிக்குப் பக்கத்துத் திருச்சுழி, சுந்தரர் பாடிய தலம். பாண்டி நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கில் ஒன்று. 1879இல் ரமண மகரிஷி பிறந்த ஊராக வெளியூர்க்காரர்கள் இதை அறிவார்கள். குண்டாற்றங்கரையில் துணைமாலையம்மையோடு திருமேனிநாதர் கோயில் கொண்டிருக்கிறார். ஊழி வெள்ளம் சூழ்ந்தபோது சிவன் சூலத்தால் நிலத்தைக் குத்தினார், அந்தத் துளைக்குள் வெள்ளம் சுழித்து இறங்கியது, ஊர் பிழைத்தது என்பது தலபுராணம். கோயிலுக்கு முன்னுள்ள குளத்தை அந்தச் சூலத்தோடு சேர்த்தே சொல்வார்கள். மாசி மகத்தை ஒட்டி அதன் நீர் நாளுக்கு நாள் ஏறிப் பிறகு இறங்குவதும், அதில் குளித்தால் வெள்ளி நகை கறுப்பதும் ரமணரின் வரலாறுகளில் வருகின்றன.

விளையாட்டு நூல்களில் திரிசூலம் என்றால் எறியும் ஈட்டி, அதற்கு ஒரு சேதப் பகடை. திருச்சுழிச் சூலம் யாரையும் குத்தவில்லை. அது வடிகால் வெட்டிய கருவி. வெள்ளத்தை எங்கே விடுவது, விட்ட தண்ணீரை எங்கே தேக்குவது என்பதுதான் அந்தப் பொருள் எழுப்பும் கேள்வி. கண்மாய்க் கரையில் வளர்ந்தவர்களுக்கு அது அன்றாடக் கேள்வி.

இதே நாட்டின் மிக முழுமையான மாயப் பொருள் தொகுதி பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இருக்கிறது. சோமசுந்தரக் கடவுள் தம் மகன் உக்கிரபாண்டியனுக்கு வேல், வளை, செண்டு (வளைந்த தண்டு) என்று மூன்றைக் கொடுக்கிறார். அடுத்தடுத்த படலங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை வருகிறது. பாண்டியன் செய்த வேள்விகளைக் கண்டு பொறாமைப்பட்ட இந்திரன் கடலை மதுரைமேல் ஏவுகிறான். வேலை எறிய, கடல் சுவறுகிறது.

வளையின் கதைதான் இந்தக் கரிசல் காட்டுக்கு நெருக்கமானது. மழை பொய்த்தபோது மூவேந்தரும் இந்திரனிடம் போகிறார்கள். மற்ற இருவரும் பணிந்து மழை பெறுகிறார்கள். பாண்டியன் பணியவில்லை, இந்திரன் போட்ட கனத்த ஆரத்தை எளிதாகச் சுமந்துகொண்டு திரும்பிவிடுகிறான். பாண்டி நாட்டுக்கு மட்டும் மழை இல்லை. பொதியில் மலைப்பக்கம் மேய்ந்துகொண்டிருந்த மேகங்களைக் கண்ட பாண்டியன் அவற்றைப் பிடித்துச் சிறையில் போடுகிறான். மீட்க வந்த இந்திரனின் முடியை வளை உடைக்கிறது. தோற்ற இந்திரன் மழை தருவதாகச் சொன்னபோதும் பாண்டியன் நம்பவில்லை. ஒரு வேளாளர் பிணை நின்ற பிறகே மேகங்கள் விடுதலையாகின்றன. வானவர் தலைவனின் வாக்குக்கு உழவர் ஒருவர் ஜாமீன் நிற்கும் இந்தக் காட்சிக்கு நிகரானது எந்த விளையாட்டு நூலிலும் இக்கட்டுரையாளரின் கண்ணில் படவில்லை.

செண்டின் வேலையும் வறட்சியை ஒட்டியதே. கோள்நிலை கெட்டுப் பஞ்சம் வந்தபோது, மேருமலையில் பொன் இருக்கிறது, போய்ச் செண்டால் அடித்துக் கேள் என்று கனவில் கட்டளை வருகிறது. அடி வாங்கிய மலை பொன்னைக் காட்டுகிறது. பாண்டியன் வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு, மீதியைக் கயல் முத்திரை வைத்து மூடிவிட்டுத் திரும்புகிறான். புதையல் கிடைத்தால் மூட்டை கட்டுவதே வழக்கமான ஆட்டத்தில், தேவைக்கு மட்டும் எடுத்து முத்திரை வைக்கும் விதி புதியதாக இருக்கும்.

செண்டு உக்கிரபாண்டியனுக்கு மட்டும் உரியதன்று. கரிகாலன் பொன்மலையைத் திரித்த செண்டு, கச்சியில் காமக்கோட்டத்தைக் காவல்காக்கும் சாத்தனின் கையிலிருந்தது என்று பழைய வெண்பா ஒன்று உண்டு. சாத்தன் என்பது ஐயனார். தென்மாவட்டங்களில் கண்மாய்க் கரையில், புரவிகள் நிற்க, ஊரைக் காத்து உட்கார்ந்திருக்கும் அதே ஐயனார். சிற்பங்களில் அவர் கையில் வளைந்த தண்டாகச் செண்டைக் காணலாம். காப்பியமும் தலபுராணமும் படிக்காதவர்கூட ஆண்டுதோறும் கும்பிட்டு வரும் மாயப் பொருள் அது.

சாத்தனார் எழுதிய மணிமேகலைக் காப்பியத்தின் அமுதசுரபி இந்தப் பாண்டி நாட்டுப் பொருள்களுக்கெல்லாம் மூத்தது. இதன் கதையும் பாண்டி நாட்டில்தான் தொடங்குகிறது. மதுரையில் சிந்தாதேவி கோயிலில் தங்கி, பிச்சை எடுத்து ஏழைகளுக்கு ஊட்டி வந்த ஆபுத்திரனுக்குத் தேவி தன் கைப் பாத்திரத்தைத் தருகிறாள். அது அள்ள அள்ளக் குறையாது. வரம் தர வந்த இந்திரனை ஆபுத்திரன் பொருட்படுத்தாமல் அனுப்பிவிட, இந்திரன் தண்டிக்க ஒரு வழி கண்டான்: பன்னிரண்டு ஆண்டு மழையின்றிக் கிடந்த பாண்டி நாட்டில் மழையைப் பெய்வித்தான். நாடு செழித்தது, பசித்தவர் இல்லை, பாத்திரத்துக்கு வேலை இல்லை. பசியுள்ளவர்களைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பலேறியவன் மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டான். ஆண்டுக்கு ஒருமுறை மேலே வா என்று சொல்லிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் துறந்தான். வைகாசி முழுநிலா நாளில் அது மேலெழும்போது காப்பியத் தலைவி மணிமேகலை பெறுகிறாள். அதில் முதல் பிச்சையை ஆதிரை இட வேண்டியிருந்தது. யானைத்தீ என்னும் தீராப்பசி நோய் கொண்ட காயசண்டிகையின் பசி அந்த உணவால்தான் தீர்ந்தது.

ஒரு பொருள் யாரால் தரப்பட்டது, எப்படித் தொடங்கும், எப்போது கைக்கு வரும், எந்தச் சூழலில் பயனற்றுப் போகும் என்ற நான்கும் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட மாயப் பொருள் வேறு இலக்கியங்களிலும் அரிது. சாத்தனார் இதை ஆட்டத்துக்காக எழுதவில்லை. பசி தீர்ப்பதே அறம் என்று சொல்ல எழுதினார். ஆனாலும் விதிகள் பிசகாமல் இருக்கின்றன.

  

நம் பொருள்கள் கதையை இழந்து விளையாட்டுகளுக்குள் போகும் நிலைமை அண்மைக் காலத்தில் மாறி வருகிறது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட 'ராஜி' கணினி விளையாட்டில் நாயகி ராஜி தெய்வங்கள் தந்த ஆயுதங்களோடு போரிடுகிறாள். 2022இல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்' என்ற 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' நூலில் மிமி மண்டல் வங்க மண்ணைத் தழுவிச் சங்கபூமி என்ற நாட்டை எழுதியிருக்கிறார். ஆற்றையும் சதுப்பையும் அறிந்தவர் எழுதியது என்பது அதில் தெரிகிறது. கரிசலையும் கண்மாயையும் அறிந்தவர் எழுத வேண்டியது பாக்கி இருக்கிறது.

எழுதும்போது மூலத்தின் நிபந்தனைகளை அப்படியே விதியாக்கலாம். திருச்சுழிச் சூலம் நீர்மேல் மட்டுமே இயங்கும். குத்திய இடத்தில் வெள்ளம் இறங்கும், அந்த இடம் பிறகு குளமாக நிற்கும். செண்டால் மலையை அடிப்பவர் ஊரின் தேவையை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அதற்குமேல் எடுத்தால் மலை மூடிக்கொள்ளும். அமுதசுரபியை வைத்திருப்பவர் ஒரே ஊரில் தங்க முடியாது. பசித்தவர் இல்லாத ஊரில் அது வெறும் ஓடு. வளையை எறிந்து வென்றவர் மழைக்கான வாக்கை வாங்கலாம். ஆனால் அந்த வாக்கு நிற்க, ஆட்டத்தில் உழவர் பாத்திரம் ஏற்ற ஒருவர் பிணைக்குச் சம்மதிக்க வேண்டும். சம்மதிப்பதும் மறுப்பதும் அவர் விருப்பம்.