புழுக்கத்தில் காயும் பெட்டி!

ஒரகடத்துல இன்டர்வியூ. "அப்புறமா சொல்றோம்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஃபைலைக் கக்கத்துல இடுக்கிட்டு ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸுக்குக் காத்து நிக்கிறீங்க. சட்டை முதுகோட ஒட்டுது. எதிர்ல ஜப்பான் எழுத்துல ஒரு ஹோட்டல் போர்டு. 'என்ன புழுக்கம்டா சாமி!'ன்னு அலுத்துக்காதீங்க பாஸ். ஜப்பான்காரங்க கொண்டாடுற ஒரு கலைக்கே இந்தப் புழுக்கம்தான் உயிர்!

2010-ல் ரெனால்ட்டும் நிஸானும் சேர்ந்து இந்த ஒரகடத்தில்தான் கார் ஆலையைத் திறந்தாங்க. பொதுவா கார் ஆலை பெயின்ட் ஷாப்பில், பாடியைத் தொட்டியில் முக்கி எடுத்து 150 டிகிரிக்கு மேல் கொதிக்கிற அடுப்புக்குள் அனுப்புவாங்க. கொஞ்ச நேரத்தில் பெயின்ட் கெட்டியாகிடும்.

ஜப்பானோட 'உருஷி' பூச்சு இதுக்கு நேர் உல்டா. நம்ம அரக்கு பூச்சி தர்றது. உருஷி மரத்துப் பால். மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் அந்த மரத்துக்குச் சொந்தக்காரங்க. பச்சையா கையில பட்டா அரிச்சுக் கொப்பளிக்கும். பத்து வருஷம் வளர்ந்த மரத்தில் கிடைக்கிறதே சுமார் 200 கிராம்தான். உலர்ந்த காற்றில் இது சரியா இறுகாது. 70, 80 சதவீத ஈரப்பதம் உள்ள அலமாரிக்குள் வைக்கணும். ஒரு கோட் இறுகினதும் தேய்ச்சு, அடுத்த கோட். மறுபடி காத்திருக்கணும்.

அப்படி உருவான ஒரு பெட்டி டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கு. கறுப்புப் பளபளப்பில் ஒரு சதுப்பு நிலம். தங்கப் பொடியில் இலைகள், சிப்பியில் ஐரிஸ் பூக்கள், ஈயத் தகட்டில் பலகைப் பாலம். மூடியில் ஆரம்பிக்கிற பாலம் மடிஞ்சு பக்கவாட்டிலும் இறங்குது. மேல்தட்டில் மைக்கல், கீழ்த்தட்டில் காகிதம்... அவ்வளவுதான் அதோட வேலை. இன்னிக்கு அது ஜப்பானின் தேசியப் பொக்கிஷம்!

செஞ்சவர் ஓகாதா கோரின். 1658-ல் கியோட்டோவில், வசதியான துணி வியாபாரி வீட்டில் பிறந்தவர். அப்பா போனதும் சொத்தைத் தண்ணியா செலவழிச்சு, கடனில் விழுந்தார். முப்பதைத் தாண்டித்தான் கலையைத் தொழிலா எடுத்தார். 1701-ல் 'ஹோக்கியோ' பட்டம் கிடைச்சப்போ வயசு நாற்பதைத் தாண்டியிருந்தது.

பஸ் வந்தாச்சு, ஏறுங்க. சில பேர் அடுப்புச் சூட்டில் சட்டுனு இறுகிடுவாங்க. சில பேருக்குப் புழுக்கமும் நேரமும் தேவைப்படும். நீங்க ரெண்டாவது ரகம்னா, அடுத்த கோட்டுக்கு ரெடியாகுங்க!