மொட்டைமாடியில் இருபது மீட்டர் கம்பி

2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகள் பலவற்றுக்கு நோட்டீஸ் அனுப்பியது. எந்த அலைவரிசையில் வேலை செய்யும், உரிமம் வேண்டுமா என்ற விவரங்களைச் சொல்லாமலே வாக்கி-டாக்கிகளை விற்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. இந்தச் செய்தியைப் பற்றி எழுதலாமா என்று நான் கேட்டதும், ஹாம் என்னும் அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருக்கும் நண்பர் சிரித்தார். "வாங்கிப் பேசுறவனைப் பத்தி எதுக்கு? செஞ்சு பேசுறவங்க இருக்காங்க, வாங்க."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு மொட்டைமாடி ஏறினோம்.

மாடியில் இருந்தவர்கள் ஓய்வுபெற்ற தந்தித் துறை ஊழியர், பல் மருத்துவர், பொறியியல் படிக்கும் பெண், இன்னும் சிலர். பெயர்கள் அங்கே அதிகம் புழங்குவதில்லை. 'வியூ டூ', 'வியூ த்ரீ' என்று தொடங்கும் கால் சைனின் கடைசி எழுத்துகள்தான் கூப்பிடும் பெயர். தண்ணீர்த் தொட்டியில் ஒரு முனை, பக்கத்து வீட்டுத் தென்னையில் மறுமுனை என்று ஒரு செப்புக் கம்பி தொங்கியது. நீளம் சுமார் இருபது மீட்டர். ஏழு மெகாஹெர்ட்ஸ் அலையில் சரிபாதி. நடுவே வெட்டி, கோஆக்ஸ் கேபிளைப் பற்றவைத்தால் டைபோல் ஆன்டெனா. இம்பீடன்ஸ் பொருத்துவது பற்றி தந்திக்காரர் விளக்கியதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை, விட்டுவிடுகிறேன்.

பிடிபட்டது உயரம். இவ்வளவு தாழ்வாகக் கட்டியிருக்கிறீர்களே என்றதற்கு, "தாழ்வா இருந்தாத்தான் சார் திருச்சி கேக்கும்" என்றார். தோட்டத்து ஹோஸை நேர் மேலே பிடித்தால் தண்ணீர் நம்மைச் சுற்றியே விழுகிறதல்லவா, அப்படி அலை செங்குத்தாக ஏறி, அயனமண்டலத்தில் பட்டு, சில நூறு கிலோமீட்டருக்குள் திரும்பி இறங்குகிறது. இடையே டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், கார் பேட்டரி இருந்தால் கரண்டும் வேண்டாம்.

ரேடியோ கிளப் சென்னைக்குப் பழைய சங்கதி. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் 1924-இல் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப், அந்த ஜூலையிலேயே ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. 1927-இல் பணமில்லாமல் முடங்கியது. அதன் டிரான்ஸ்மிட்டரைப் பெற்றுக்கொண்ட மாநகராட்சி 1930-இல் சொந்த ஒலிபரப்பைத் தொடங்கியது. அது ஊருக்குப் பாட்டுப் போட்ட கிளப். ஹாம்களுக்குப் பாட்டுப் போட அனுமதியில்லை, காசு வாங்கவும் கூடாது. ஆனாலும் கைக்காசைப் போட்டுக் கருவி செய்யும் பைத்தியம் ஒன்றேதான்.

ஹாம் என்றதும் பத்திரிகைகளுக்கு நினைவு வருவது பேரிடர். 2004 டிசம்பரில் டெல்லியிலிருந்து ஒரு குழுவோடு அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத், போர்ட் பிளேயர் ஓட்டலிலிருந்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். பொழுதுபோக்குப் பயணம்தான். 26-ஆம் தேதி பூமி அதிர்ந்து, தொலைபேசி செத்தபோது, அதே ரேடியோ, அதே ஆன்டெனா தீவுகளின் செய்தியை வெளியே கொண்டுசேர்த்தன. இதை வீரக்கதையாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது 25-ஆம் தேதி வரை நடந்த அரட்டை. பேசிப் பழகிய கை இல்லையென்றால் 26-ஆம் தேதி கருவி இருந்தும் பயனில்லை.

மாடியில் அன்று நடந்ததும் அரட்டைதான். அலைவழிக் கூட்டமான 'நெட்'டை நடத்தும் கன்ட்ரோல் ஒருவர் வரிசையாக அழைக்க, ஒவ்வொரு ஊராகச் செக்-இன் ஆனது. "உங்க சிக்னல் ஃபைவ் நைன்" என்று தொடங்கி, மழை, ரத்த அழுத்தம், பேத்தி கல்யாணம், ஓவர். ஒருவர் குரல் சில நாளாக வரவில்லை என்றதும் யார் போய்ப் பார்ப்பது என்று அலையிலேயே முடிவானது.

மாணவி மேசையில் பாதி முடிந்த பிட்எக்ஸ் கிடந்தது. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்து, சுற்றுப்படத்தை இலவசமாகக் கொடுத்த டிரான்ஸீவர். வெளிநாட்டு டொராய்டு வளையம் கிடைக்காதவர்கள் தண்ணீர்க் குழாய் வாஷரில் கம்பி சுற்றிக்கொள்ளலாம் என்று அவர் காட்டிய வழி உலகமெங்கும் பிரபலம். மீதிச் சாமான் ரிச்சி தெருவில் கிடைக்கிறது.

அந்தத் தெருவில் பேரம் பேசி உதிரி வாங்கும் இந்தப் பெண் ஹாம் தேர்வு எழுத வேண்டும், உரிமத்துக்குக் காத்திருக்க வேண்டும், வயர்லெஸ் சட்டத்துக்குப் பயப்பட வேண்டும். ஒரு வரி எச்சரிக்கைகூடப் போடாமல் ஆயிரக்கணக்கில் வாக்கி-டாக்கி விற்ற இடைத்தரகனுக்கு வந்தது ஒரு நோட்டீஸ். லாபம் அவனுக்கு, வழக்கு வாங்கியவனுக்கு. தொழில் தெரிந்தவனைத்தான் கடைசி வரிசையில் நிறுத்துகிறோம். கோபம் எனக்குத்தான், மாடியில் இருந்தவர்களுக்கு அதற்கு நேரமில்லை.

பக்கத்து வீட்டில் அடுக்குமாடி கட்டப்போகிறார்களாம், தென்னை போய்விடும். கம்பியை வளைத்து எல் வடிவில் கட்டலாம் என்கிறார் பல் மருத்துவர். மூங்கில் நடலாம் என்கிறார் தந்திக்காரர். திருச்சிக்காரர் ஒருவர் அலையில் குறுக்கிட்டு, எதைச் செய்தாலும் ஞாயிற்றுக்கிழமை நெட்டுக்கு முன்னால் செய்து முடியுங்கள் என்றார்.